சரோஜத்தின் வட்டம்

உதியன்குளங்கரை
17.9.1997

அன்பு மகள் சுமிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க இரண்டு நேரமும் முழங்காலில் நிற்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் அண்ணன் ரெஜிக்கு மாத்திரை தவறவில்லை, உறக்கம் உண்டு, காதில் பேசுகிறவன் மட்டும் போகவில்லை. செவ்வாய்தோறும் திருவனந்தபுரத்துக்கு ஸ்ரீகுமாரி டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். மாத்திரையோடு பேச்சு வைத்தியமும் செய்கிறார். மரச்சீனிக் கிழங்கில் விஷம் என்று குரல் சொன்னால் டாக்டர் அதைப் பொய் என்று சொல்வதில்லை, அதற்கு என்ன சாட்சி, வேறு காரணம் இருக்கலாமா என்று கேட்டு ரெஜியையே நோட்டில் எழுத வைப்பார். ரெஜியோடு அதே மாதம் வைத்தியத்துக்குச் சேர்ந்த ஒற்றசேகரமங்கலத்து வேலாயுதன் இப்போது குணமாகி ரப்பர் வெட்டப் போகிறான். நம்ம ரெஜியும் நோட்டை நிறைக்கிறான், பாதி அவன் எழுதியது, பாதி குரல் சொல்லிக்கொடுத்த மறுமொழி.

ஒரே மருந்து, ஒரே பேச்சு, இவனுக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். ரத்த வழியாக வருகிற ஏதோ ஒன்று தடுக்கிறதோ என்று சந்தேகம் உண்டு, உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார். முதல் நாளே நம் குடும்பத்தைப் படமாக வரைந்திருந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இந்த நோய் வந்தவர்களைக் கறுப்பாக்குவார். ரெஜியின் கட்டம் மட்டும் கறுப்பு. என் தங்கை சரோஜம் காய்ச்சலில் போனாள் என்று கூசாமல் சொல்லிவிட்டேன். உனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தோம். காய்ச்சல் இல்லை மக்கா. பனச்சமூட்டு வீட்டில் பதினோரு வருடம் அவளை அறைக்குள் பூட்டித்தான் வைத்திருந்தோம், கடைசியில் கிணற்றில் இருந்து எடுத்தோம். இப்போதும் உன் அப்பா, ஒண்ணும் மிண்டண்டாம், யாருகிட்டயும் சொல்லண்டாம், கிறிஸ்துமஸுக்குச் சுமி வந்து சபையில மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சு முடியட்டு என்கிறார். ஊர் வாயை மூடத் தெரிந்தவருக்கு ரெஜியின் காதை மூடத் தெரியவில்லை.

குழாயில் தண்ணீர் விழும்போது மேல்மாடிப் பெண்கள் உன் பேரைச் சொல்லிப் பேசுகிறார்கள் என்று சிரிப்பாக எழுதியிருந்தாய். நாலு பொம்பள சேந்தா அப்படித்தான் ஆக்கும் என்று அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். நான் திரும்ப எடுத்து வாசித்தேன். ரெஜிக்கு முதலில் குரல் கேட்டது மோட்டார் ஓடும்போது. சரோஜத்துக்கு ஓட்டில் மழை விழும்போது. நேற்று டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, சரோஜத்தின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். பிறகு ரெஜியின் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த உன் வட்டத்தில் பேனாவை வைத்து, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சுகம் என்று வாய்வரை வந்தது. அழுதுகொண்டே உன் கடிதத்தைக் கொடுத்தேன். அண்ணனுக்குப் பிடிக்காத வைத்தியம் தங்கைக்கும் பிடிக்காது என்று இல்லை, தொடக்கத்திலேயே போனால் நல்லது என்றார்.

நீ நர்ஸ், உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, கோபமும் வரும். வந்தால் என்னைத் திட்டி எழுது, ஆனால் இந்த வாரமே அங்கே ஒரு டாக்டரைப் பார். உன் கல்யாண ஓலை வாசிக்காமல் போனால் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது மோளே. உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வாசித்தேன். சித்திரையில் வீடு மாறினபோது, ஐந்தாவது மாடி, அதற்கு மேலே துணி காயப்போடும் மொட்டைமாடி மட்டும்தான் என்று எழுதியிருந்தாய்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இருக்காதே.

உன் அம்மா
விமலகுமாரி