மஞ்சள் துணியும் அம்மோனியாவும்

நவம்பர் 11, 1968. திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடலூர் பஸ் லேட். ஜலதோஷம் விட்டு நாளாச்சு, வாசனை மட்டும் திரும்பவில்லை.

அடுப்படியில் ஜைனப் கத்தினாள். “பாலு தீஞ்சு வூடே நாறுது, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே!” பேப்பர் படித்தேன் என்று சமாளித்தேன். அவள் நகர்ந்ததும் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். பெருங்காயம், இல்லை. கருவாடு, இல்லை. அத்தா சிதம்பரம் கடையிலிருந்து அனுப்பிய மல்லிகை அத்தர், வெறும் தண்ணீர். பயமாக இருக்கிறது.

அத்தர் கடைக்காரர் மகன் என்றுதான் ஃபோர்மேன் இந்த வேலையில் போட்டார். அம்மோனியா குழாய்களை மூட்டுக்கு மூட்டு மோந்து, கசிவு உண்டா சொல்ல வேண்டும். “காதர் மூக்கு இருக்க மீட்டர் எதுக்கு” என்பார். நான் சரி என்றால்தான் ஃபிட்டர் கலியபெருமாள் பம்ப் ரூமுக்குள் போவார். எனக்கு அப்புறம் ஃபோர்மேனும் குனிந்து மோந்து தலையாட்டுவார். அந்த ஒரு தைரியம்.

12, செவ்வாய்

ஜைனபின் அண்ணன் வந்தார், காட்டுமன்னார்கோயிலிலிருந்து. “ஒங்க ஃபேக்டரி யூரியா போட்டதும் பயிரு பச்சப்பசேல்னு நிக்குது மச்சான். அம்மோனியாலேருந்துதான் பண்றாங்களாமே, அது என்னா?” மூச்சில் ஜாஸ்தி ஏறினால் ஆளை முடித்துவிடும் என்றேன்.

ஷிஃப்டில் பம்ப் ரூம் மூட்டுகள். மோந்ததுபோல நடித்தேன். “சரி சார்.” க.பெருமாள் உள்ளே போய்த் திரும்பும் வரை எனக்கு உயிரே இல்லை.

13, புதன்

மழை. லீவு. ஜைனப் துவைத்துக்கொண்டே, “மஞ்சக் கறையில சோப்பு பட்டா எப்டி செவக்குது பாருங்க.” சோப்புக்குச் சிவக்கிற மஞ்சள் அம்மோனியாவுக்கும் சிவக்கும். பள்ளிக்கூடத்துப் பாடம். ஏன் தோன்றவில்லை, முட்டாள்.

பழைய வேட்டியில் ஒரு கீற்று. மஞ்சள் தண்ணீரில் நனைத்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. யாருக்கும் தெரியாது.

குடைக் கம்பி ரிப்பேர். வயிற்றுவலி மருந்து. மறக்கக்கூடாது.

14, வியாழன்

முதல் மூட்டு, மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். மூன்றாவதில் துணி சிவந்தது. குனிந்து இழுத்து மோந்தேன். ஒன்றுமே இல்லை.

வாசலில் க.பெருமாள், கையில் ஸ்பானர். “சரிதானே பாய்?”

“வராதண்ணே! வெளிய போ!” என் குரலா அது.

பம்ப்பை நிறுத்தினார்கள். எல்லாரும் முதுகில் தட்டினார்கள், என்னா மூக்குடா என்று. க.பெருமாள் டீ வாங்கிக் கொடுத்தார். “எம் பொண்ணுக்குப் பேரு வைக்கிறப்ப நீ கண்டிப்பா வரணும்.” செவ்வாய்க்கிழமை அதே மூட்டுக்கு நான் சரி சொன்னேன்.

ஜைனபிடம் எல்லாம் சொன்னேன். “வேல போனா போவட்டுங்க. நாளைக்கு மொதல்ல ஃபோர்மேன்கிட்ட சொல்லிடுங்க.”

15, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஃபோர்மேன் திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“எனக்கும் வாசன தெரியாதுடா காதர். முன்ன இருந்த ஃபேக்டரிலயே போயிடுச்சு. அதான் ஒன்ன கூடவே வச்சிருந்தேன்.”

அப்படியானால் எனக்கு ஜலதோஷம் வந்ததிலிருந்து அங்கே மோந்தது யார்?

கையை நீட்டினார். “அந்தத் துணி இன்னும் இருக்கா?”

பாதி கிழித்துக் கொடுத்தேன்.