துறைமுகத்தில் மூன்றரை மணி நேரம்

உன் குளிர்கோட்டு என் மேஜைமேல் கிடக்கிறது. அறை முழுக்க அந்துருண்டை வாசனை. இன்று காலை உங்கம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, ராஜபாளையத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்கள், கட்டைப்பையில் இதைச் சுருட்டி வைத்துக்கொண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் காயப்போட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைப்பார்களாம். இந்தத் தடவை உள்பையில் ஒரு காகிதம் அகப்பட்டிருக்கிறது.

"ஜெர்மன்காரன் எழுத்தா இருக்குய்யா. நீதான படிப்ப. என்னன்னு சொல்லு."

படித்தேன். ஹாம்பர்க்கில் ஒரு ஆஸ்பத்திரி. ரத்த நோய்ப் பிரிவு. உன் பெயர், ஒரு தேதி, மதியம் ஒரு மணி. அது ஜெர்மனியில் படிக்கும்போது நீயும் நானும் கப்பல் பார்க்கப் போன நாள். யோசிக்காமல் அப்படியே வாய்விட்டுச் சொல்லித் தொலைத்துவிட்டேன், தேதியையும் சேர்த்து.

உங்கம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. ஆறு மாதம் கழித்து மதுரையில்தான் உன் நோயே தெரியவந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர்கள். "அப்ப அவனுக்கு அங்கனயே தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு எம்புள்ள ஒத்தையிலயா போனான்?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். காபி போட்டு வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். பால் பொங்கி வழிந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடப்பாவி, கப்பல் பார்க்கணும் என்று பிடிவாதம் பிடித்தவன் நீதானே? காலேஜில் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கூட்டிப்போனபோது பஸ்ஸை விட்டு இறங்காமல் தூங்கினவன். அவனுக்குத் திடீரென்று கப்பல்மேல் என்ன ஆசை என்று நான் யோசிக்கவே இல்லை. பரீட்சை முடிந்திருந்தது, மாணவர் பாஸில் ரயில் சும்மாதான், நீ கூப்பிட்டாய், வந்துவிட்டேன்.

அந்த ஊரில் துறைமுகம் ஆற்றுக்குள் இருந்தது. கடல் எங்கே என்று நான் அரை மணி நேரம் தேடினேன். "கடலே இல்லாத ஊருக்குள்ள கப்பல் எப்பிடிலே வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "நாம வரலியா?" என்றாய். படகில் போகும்போது உன் கையிலிருந்த மீன் ரொட்டியில் பாதியை ஒரு கடற்புறா கொத்திக்கொண்டு போனது. நான் அதைத் திட்டினேன். நீ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "வையாதலே. நம்ம ஊரு காக்காதான் வெள்ளையடிச்சிட்டு வந்திருக்கு. தாத்தாமாரு தின்னுட்டுப் போறாவ" என்றாய். படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் அப்படிச் சிரிப்பானா? எனக்கு விளங்கவில்லை.

ஆற்றுக்கு அடியில் நடந்துபோகிற சுரங்கப்பாதையில் பாதி வழியில் நின்றுவிட்டாய். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாய். குளிர்தான் என்று நினைத்து, "கெழவா, நடலே" என்றேன். அந்த வார்த்தை இப்போது என்னைப் போட்டுப் பிடுங்குகிறது.

மேலே வந்ததும் மணி பன்னிரண்டேகால். "நீ இங்கனயே இரு" என்று சொல்லிக் கோட்டுப் பொத்தானைப் போட்டாய். எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்கவிடாமல் பண்ணினவனும் நீதான். முதல் செமஸ்டரில் நீ விசா ஆபீசுக்குக் கிளம்பும்போது "எங்கலே?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து உன் பேப்பர் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. "கிளம்புதவனப் பாத்து எங்கன்னு கேட்டா போற காரியம் வெளங்குமாலே? தூரமான்னு கேளு. எங்கம்மா சொல்லிக் குடுத்தது" என்று மூன்றாம் நாள் சமாதானமானபோது சொன்னாய். எம்.எஸ். படிக்கிறவன் பேசுகிற பேச்சைப் பார் என்று கேலி பண்ணினேன். ஆனாலும் பழகிவிட்டது.

அதனால் அன்றைக்கும், "தூரமா?" என்றுதான் கேட்டேன்.

"இங்கனதான். கப்பலப் பாத்துக்கிட்டு இரு. செத்த நேரத்துல வாரேன்."

செத்த நேரம் மூன்றரை மணி நேரம் ஆனது. தூறலில் நனைந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ ஒரு காபியை என் கையில் திணித்தாய், இடது கையால். ரயிலில் நல்ல சூடு, எல்லோரும் கோட்டைக் கழற்றிவிட்டார்கள், நீ கழற்றவில்லை. ஊசி குத்தின இடத்தை மறைத்திருக்கிறாய் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது வேறு. "யாருலே அவ?" என்றேன். நீ சிரித்தாய். "பொறவு சொல்லுதேன்" என்றாய்.

பொறவு நீ சொல்லவே இல்லை. நானாக ஒரு பெண்ணை உண்டாக்கிக்கொண்டேன். அறையில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லி, மாதக்கணக்கில் உன்னை ஓட்டினோம். நீ செத்துப்போன பிறகுகூட, மூன்று வருஷமாக, ஹாம்பர்க்கில் எவளோ ஒருத்தி உன் போனுக்காகக் காத்திருப்பாளே, அவளுக்கு யார் சொல்லுவார்கள் என்று கவலைப்பட்டிருக்கிறேன். முட்டாள், முட்டாள்.

ஒன்று மட்டும் சொல்லு. சொல்லக் கூடாது என்றால் என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போனாய்? தனியாகப் போயிருக்கலாமே. நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தாயா? ஒருவேளை, மறித்து நின்று எங்கே என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? இல்லை, கப்பலைப் பார்த்துவிட்டுப் போனால் பயம் குறையும் என்று நினைத்தாயா? மாற்றி மாற்றி யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

காபியோடு வெளியே வந்தேன். உங்கம்மா அந்தக் காகிதத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்கள்.

"ஒத்தையில போகலம்மா. நான் கூடப் போனேன்" என்றேன்.

"நெசமாவாய்யா?"

"ஆமாம்மா. ஊசி போடும்போதுகூடக் கையைப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்யா, நீ நல்லா இருப்ப" என்றார்கள். காபியை இரண்டு வாய் குடித்தார்கள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார்கள். நான் சொன்னதன் மறுபாதி எனக்கு உறைக்கும் முன்பே அவர்களுக்கு உறைத்துவிட்டது.

"அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. ஆறு மாசமாத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும்னு தோணலியாய்யா? அப்பமே கூட்டிட்டு வந்திருப்பனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்ய? மீதிக் காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். கோட்டையும் எடுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனேன், திரும்பிப் பார்க்கவில்லை.

செய்தது சரியா தப்பா தெரியவில்லை. இனி உங்கம்மா என் வாசலுக்கு வருவார்களா என்பதும் தெரியவில்லை. வையட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், வாங்கிக்கொள்கிறேன். நீ அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.