ஈரக்காற்று பட்ட தண்டு

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல். அடைக்க வந்தவர் ரெசின் பசையையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலக்கியதும் அந்த வாசம் படியிறங்கி வந்துவிட்டது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மாடிக்குப் போய் வேலை முடியும்வரை அங்கேயே நின்றேன். உங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

நீங்கள் பஞ்சாலையிலிருந்து வந்தவர். நான் உலோகவியல் படித்து இரும்பு வார்ப்பாலையில் நரைத்தவன். உங்கள் பட்டறையில் சோதனை பார்க்க என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. ஹெலிகாப்டரின் வால் விசிறியைச் சுழற்றும் தண்டை உலோகத்தில் துண்டு துண்டாகச் செய்து, வழி நெடுக பேரிங் வைத்துத் தாங்குவார்கள். கார்பன் நூலை ரெசினில் நனைத்து, குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிச் சூட்டில் இறுக்கினால் ஒரே நீளக் குழாய் போதும், எடையும் குறையும் என்பது உங்கள் கட்சி.

"இரும்புன்னா உடையறதுக்கு முந்தி வளைஞ்சு காட்டுமுங்க. இது சொல்லாம கொள்ளாமப் போயிருமே" என்பேன்.

"ஏனுங்க இரும்புக்காரரே, நூல நம்பித்தான் ஊரே மானத்தோட நடமாடுது" என்பீர்கள்.

முதல் தண்டைப் பார்க்க ஹெலிகாப்டர் கம்பெனிக்காரர்கள் வரவிருந்த வாரம், நான் குடும்பத்தோடு ஆனைமலை கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து, நீங்கள் சுற்றி இறுக்கி வைத்திருந்த தண்டு நெடுக ஒரு நாணயத்தால் தட்டினேன். நல்ல இடம் கணீரென்னும். நடுவில் ஓரிடம் பொத்தென்றது. என் காதில்தான் கோளாறோ என்று மற்றக் காதை வைத்தும் கேட்டேன். நூல் சுற்றும் அறையில் எட்டிப் பார்த்தால், ஈரக்காற்று அடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்று காய்ந்தால் நூல் அறும் என்பது பஞ்சாலைப் பாடம். கார்பன் இழை அறுந்ததும் உங்கள் கை தானாக அதைப் போட்டிருக்கிறது. ரெசினுக்கோ ஈரம் ஆகாது. உள்ளே குமிழி விட்டு அடுக்குகள் ஒட்டாமல் நின்றுவிடும்.

அதற்குள் வாசலில் கம்பெனிக்காரர்களின் கார் வந்து நின்றது. அன்று அவர்கள் முன்னால் முறுக்கிப் பார்க்கையில் தண்டு உடைந்தால் ஆர்டர் போகும். உடையாமல் தேறிவிட்டால் ஒரு நாள் ஆட்களோடு வானத்தில் உடையும். உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, நாணயத்தைக் கையில் வைத்து, அந்த இடத்தைக் காட்டினேன்.

தட்டினீர்கள். மெஷின் ஓடும் அறையைப் பார்த்தீர்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள்.

"மில்லு என்னைய உட்டாலும் நான் மில்ல உடலீங்களே."

ரம்பத்தை எடுத்து, வந்தவர்கள் கண்முன்னே தண்டை அந்த இடத்தில் அறுத்தீர்கள். குமிழிகள் தெரிந்தன. "எங்க தப்புங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்றீர்கள். அவர்களில் மூத்தவர், "அடுத்தது எப்பங்க?" என்று மட்டும் கேட்டார். அடுத்தது எவ்வளவு முறுக்கியும் உடையவில்லை.

"ஏனுங்க, பாத்ததுமே சத்தமாச் சொல்றதுக்கென்ன?" என்று அப்புறம் கேட்டீர்கள்.

"என்ற காது தப்பா இருந்துச்சுன்னா?"

"சரி, சந்தேகப்படற வேலைய நீங்க பாருங்க. தைரியமா இருக்கறத நான் பாத்துக்கறேனுங்க."

நீங்கள் கண்மூடும் நாள்வரை அப்படியே நடத்தினோம்.

பட்டறையில் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு தண்டு பொத்தென்றது. எல்லோரும் நிற்கும்போதே, "இது வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. இப்போது இரண்டு வேலையும் என் தலையில். உங்கள் பங்கைச் சரியாகச் செய்கிறேனா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.