அக்காவின் கண்ணில் ஒரு வளையம்

மார்ச் 3, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கெட்ட கொழுப்பு இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். நான் படம் எடுக்கிற ஸ்டுடியோவில் சொன்னதும் முதலாளி, "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்ல டாக்டர் வேற வேணுமா?" என்றார். நானும் சிரித்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அப்பா எந்த வயதில் போனார் என்று கேட்டார். நாற்பத்தாறு, மாரடைப்பு. சித்தப்பா? அதைவிடச் சின்ன வயதில். பேனாவை மூடிவைத்தார்.

"இது நீங்க சாப்பிட்டுச் சேர்த்தது மட்டும் இல்ல. ரத்தத்துலயே வந்தது. எண்ணெயைக் குறைங்க, நடங்க, ஆனா மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. கூடப் பிறந்தவங்களையும் பார்க்கச் சொல்லுங்க."

கூடப் பிறந்தவள் அக்கா ஒருத்திதான். பஸ் ஓட்டுகிறாள். வயது நாற்பத்தைந்து.

மார்ச் 5, வியாழன்

அக்காவிடம் போனில் சொன்னேன். "நானே ஈர்க்குச்சி மாதிரி இருக்கேன், எனக்கெங்கடி கொழுப்பு? உன் கொழுப்பை நீ பாரு." வைத்துவிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். கம்பெனி அடையாள அட்டைக்குப் புதுப் படம் வேண்டுமாம். எடுத்தேன். "கண்ணுக்கு மேல மஞ்சளா திட்டுத் திட்டா இருக்குல்ல, அதை எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரையில் கண்ணைப் பெரிதாக்கினேன். இமையோரம் மஞ்சள் திட்டுகள். அதற்குக் கீழே, கருவிழியைச் சுற்றி, சாம்பல் வெள்ளையில் ஒரு வளையம். விளக்கின் பிம்பம் என்று நினைத்தேன். மற்றப் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது.

திட்டுகளைத் துடைத்தேன். வளையத்தையும் துடைத்தேன். கை பழகிய வேலை. முடித்துவிட்டுப் பார்த்தால் திரையில் அக்கா இல்லை. வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற அப்பா. அந்த முகத்தையும் இப்படித்தான் எவனோ ஒருவன் சுத்தம் செய்திருப்பான்.

துடைத்ததையெல்லாம் பழையபடி ஆக்கினேன். வளையம் திரும்பி வந்து என்னைப் பார்த்தது.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மாவைக் கேட்டேன். வயதானவர்களுக்கு அந்த வளையம் சகஜமாம். அக்கா வயதில் வந்தால் கொழுப்பைச் சந்தேகப்பட வேண்டுமாம். விரல் முட்டி கொழுப்புப் படிந்து தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில் கையைப் பிடித்தேன். முட்டிகளில் தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள்.

கண்ணை மூடினேன். மூடியிருக்கக் கூடாது. அது அப்பாவின் கை. ரோட்டைக் கடக்கும்போது நான் பிடித்துக்கொண்டு போன அதே மேடு, அதே பள்ளம். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை மடக்கி என் கையை லேசாக அழுத்தியது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி பார்க்கற?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

"எனக்கு நாள் குறிக்க வந்தியா? டெஸ்ட்டுல ஏதாவது வந்தா ஸ்டியரிங்கைத் தொட விடுவாங்களா? டிப்போல உக்காந்து ஈ ஓட்டவா?"

அவள் மகள் கல்லூரிப் பையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள்.

மார்ச் 16, திங்கள்

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இப்போதெல்லாம் அக்கா ஓட்டும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் தெரியும். சில திருப்பங்களில் வெயில் விழும்போது கண்ணும் தெரிவதில்லை. வளையம் மட்டும் மிதக்கிறது, எங்கள் எல்லோரையும் பார்த்தபடி. சுற்றிலும் ஆட்கள் போனில் மூழ்கியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் காவல் இருக்கிறேனா, காத்திருக்கிறேனா?

ஏப்ரல் 1, புதன்



பாலத்துக்கு முன்னால் அக்காவின் வண்டி மெதுவானது. ஸ்டாப் இல்லாத இடம். தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பிரேக் போட்டாள். கதவு திறந்தது. "எல்லாரும் இறங்கிக்கங்க." அது அவள் குரலே இல்லை. "என்னாச்சு, பஞ்சரா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

முன்னால் ஓடினேன். முகமெல்லாம் வேர்வை. தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு இல்லடி. தாடைதான்... அப்பாவும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டாரு."

அவள் பார்த்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால். திரும்பினேன். காலி சீட்டுகள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தானா? ஞாபகமே இல்லை. அப்பா விழுந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் அவள். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் அன்னைக்கு அப்படிக் கத்தினாளா? தெரிஞ்சதாலதானா?

ஏப்ரல் 2, வியாழன்

இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. குழாயை விரிக்க ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வார்டில் அவளே பேச்சை எடுத்தாள்.

"கண்ணாடியில என்னையே முறைச்சுக்கிட்டு இருந்தியா, அதான் ஓரம் கட்டினேன். இல்லன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு பாலம் ஏறியிருப்பேன்."

பாலத்தில் ஏறியிருந்தால்?

"யாரைப் பார்த்த, அக்கா? எனக்குப் பின்னாடி?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஜூன் 13, சனி

அக்காவுக்கு இனி பஸ் இல்லை. டிப்போவில் புது டிரைவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். அவர்களை ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிறாளாம். அவளுடைய கொழுப்பு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. என்னுடையதும்தான்.

இன்று அக்கா மகளின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. அவளுக்கும் இருக்கிறது. இருபது வயது. தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை. தன் விரல் முட்டிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா என்கிட்டயும் வந்துட்டாரா?"

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வந்தா வரட்டும். இந்தத் தடவை சீக்கிரமே பார்த்துட்டோம்ல."

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துபோய் மாத்திரை டப்பாவோடு மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.