மூன்று கண்ணாடிக்கு நடுவே அரை மணி நேரம்

என்னங்க, கும்பிடுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா? பேரன் தைலம் தேய்த்துவிடுகிறானா, இல்லை போனிலேயே கிடக்கிறானா?

நான் நன்றாக இருக்கிறேன். நேற்று ஒரு கூத்து, பயப்படாதீர்கள். எங்கள் பட்டறையில் செய்த அலமாரி, பெஞ்சு எல்லாவற்றையும் புதுத் துணிக்கடையில் பொருத்தப் போனோம். உடுப்பைப் போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரோரப் பெஞ்சுக்கு மெத்தை வைத்துத் துணி அடித்தேன். முடித்துவிட்டுக் கதவை உள்ளே இழுத்தால் மெத்தையில் இடிக்கிறது, திறக்கவில்லை. மேஸ்திரி வெறும் பலகைக்குத்தான் இடம் விட்டிருந்தார். மெத்தை இரண்டு விரற்கடை வெளியே வரும் என்று பட்டறையிலேயே சொன்னேன். "உங்களுக்குத் தையல் தெரிஞ்சா போதும், பாட்டி" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

"பாட்டி, மெத்தையப் பிரிச்சிட்டு வெளிய வாங்க!" என்று நேற்று மேஸ்திரி வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

"செவ்வாக்கிழமை என்ன சொன்னீங்க? தப்புன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க, பிரிக்கிறேன்."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று பக்கமும் கண்ணாடி. மூன்று கிழவிகள் இருந்தும் பேச்சுத் துணைக்கு ஒருத்தியும் இல்லை. கடைசியில் தப்பென்று சொல்லிவிட்டார், நானும் பிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

அங்கே தனியாக உட்கார்ந்ததிலிருந்து உங்கள் நினைப்புத்தான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வயதில் வேலைக்கா என்று கோபித்துக்கொண்டு, நான் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட நீங்கள் வரவில்லை. அதையும் மறக்கவில்லை. ஞாயிறு வருகிறேன், இரண்டு நாள் லீவு. என் போர்வையை வெயிலில் போட்டு வையுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், வலித்தால் ஆட்டோவில் வாருங்கள். தப்பென்று நீங்கள் சொல்லக்கூட வேண்டாம், வந்து நின்றால் போதும்.

பட்டறைக்குக் கூட்டிப் போக வந்த வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். பஸ் காலை ஏழு மணிக்கு வரும்.