உங்கள் சேலையும் என் ரத்தமும்

அத்தை,

போன ஞாயிற்றுக்கிழமை பீடோங்கில் பேத்தி வீட்டில் ஒரு பையைத் திறந்தார்கள். அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. பெட்டியில் துணிக்கு நடுவே போட்டுவைக்கும் அந்த வெள்ளை உருண்டைதான். மற்றவர்களுக்கு அது பழைய சேலை வாடை. எனக்கு அது உங்கள் வாடை. நீங்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உங்கள் சாவில் நான் அழவில்லை என்று தோட்டத்து லயத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான், அழவில்லை. ஆனால் அந்த வாடை வந்ததும் என் முதுகு தானாக விறைத்துக்கொண்டது.

பேத்தி பெற்ற பையனை ஏணையில் போடும் நாள் அது. பையைத் திறந்தவர் அவளுடைய மாமியார், ஜித்ராக்காரர். அப்பனைப் பெற்றவளின் பழைய சேலையில்தான் பிள்ளையை முதலில் சுற்றி ஏணையில் கிடத்த வேண்டும் என்பது நம் வழக்கம். நீங்களும் வழக்கப்படிதான் செய்தீர்கள். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் மூத்தவனைப் பெற்றுப் படுத்திருந்தேன். தகரப் பெட்டியைத் திறந்து உங்கள் பச்சைக்கரைச் சேலையை எடுத்தீர்கள். "ஒரு தடவ அலசி வெயில்ல போடுங்க அத்தே, வாடை மூக்கைத் துளைக்குது" என்றேன். "பெட்டியில இருந்த சேலைக்கு என்னா அழுக்கு? மகாராணி மூக்கு" என்றீர்கள். ஒரு வாரம் போகவில்லை. பிள்ளையின் கண் மஞ்சளாகி, பிறகு உடம்பு மஞ்சளாகியது. மூத்திரம் நனைத்த துணியில் கோப்பி கொட்டிய மாதிரி கறை. பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தோட்டத்து லோரியில், என் மடியிலேயே அடங்கிவிட்டான்.

அந்தச் சேலைதான் என்று நான் சொன்னேன். உன் ரத்தம்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு நடந்ததே கெடையாது. ஒன் ரத்தந்தாண்டி புள்ளையத் தின்னுருச்சு." குழாயடியில், தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்கச் சொன்னீர்கள்.

பிறகு மகள் பிறந்தாள். நான் கெஞ்சினேன். உங்கள் மகன் வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே சேலையை எடுத்தீர்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஒரு பையன். மறுபடியும் அதே சேலை, அதே வாடை. நான் தூங்காமல் அவன் கண்ணையே பார்த்துக் கிடந்தேன். அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா? சேலையில குத்தமிருந்தா இதுங்க பொழச்சிருக்குமா?" என்றீர்கள். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல்தான் உங்களை இத்தனை வருஷம் வெறுத்தேன்.

பதில் போன மாதம் கிடைத்தது.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். பேத்தி மகனுக்கு ஜி சிக்ஸ் பிடி குறைச்சல் என்று வந்தது. ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி எங்களை உட்காரவைத்துப் பேசினாள்.

"ரத்தத்த ஒடையாம காப்பாத்துற ஒரு சத்து பாட்டி. இவனுக்கு அது பத்தாது. சும்மா இருக்கிறப்ப நல்லாத்தான் இருப்பான். அந்துருண்டை வாடை, சில மருந்து, இதெல்லாம் பட்டா ரத்தம் மளமளன்னு ஒடைஞ்சிரும். அப்பறம் மஞ்சள்தான்."

அந்துருண்டை என்று அவள் சொன்னதும் நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டேன். "இது யாருகிட்டேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்டேருந்து. அந்தச் சத்த உண்டாக்குற விதை பொம்பளைக்கு ரெண்டு இருக்கும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு கெட்டிருந்தாலும் பெரும்பாலும் இன்னொண்ணு தாங்கிக்கும். ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் அம்மா குடுக்கிறதுதான். அது கெட்டதா இருந்தா தாங்க வேற ஆளில்ல."

"அப்பன் குடுக்க மாட்டானா?"

"மகளுக்குக் குடுப்பான். மகனுக்கு இத அவனால குடுக்கவே முடியாது."

"எனக்கு ரெண்டு பையன். ஒருத்தன் மஞ்சளாகிப் போயிட்டான். இன்னொருத்தன் கல்லு மாதிரி இருக்கான். ரெண்டும் என் வயித்துலதானே பொறந்துச்சு?"

"ஒங்ககிட்ட இருக்கிற ரெண்டுல ஏதோ ஒண்ணுதான் பையனுக்குப் போகும் பாட்டி. காசு சுண்டுற மாதிரி. ஒவ்வொரு புள்ளைக்கும் புதுசா சுண்டணும். மொதப் புள்ளைக்கு விழுந்தத வச்சு அடுத்தத சொல்ல முடியாதுலா." பிறகு கேட்டாள்: "ஒங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா?"

என் தம்பி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் மலேரியாக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்ததும் கறுப்பாக மூத்திரம் போய் வெளுத்துக் கிடந்தான். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். பிழைத்துக்கொண்டான். மிஸ்ஸியிடம் சொன்னேன். "பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது பாட்டி, ஆனா நீங்க சொல்றது அப்படித்தான் இருக்கு" என்றாள்.

என் அம்மாவிடமிருந்து எனக்கும் தம்பிக்கும். என்னிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு, பேத்தியிடமிருந்து இந்தப் பையனுக்கு. பெண்கள் நாங்கள் ஒன்றும் தெரியாமல் நடமாடினோம். விழுந்தது ஆண்பிள்ளைகள். உங்கள் சேலையில் என் மகள் பிழைத்தாள், அவளுக்குத் தாங்க இன்னொன்று இருந்தது. சின்னவன் பிழைத்தான், அவனுக்கு என்னிடமிருந்து நல்லது போயிருந்தது. சேலை நல்ல சேலை என்று நீங்கள் காட்டிய இரண்டு சாட்சியும் இப்படித்தான் அத்தை.

பேத்தி இதை மாமியாரிடம் சொல்லவில்லை. "என் ரத்தந்தான்னு தெரிஞ்சா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க பாட்டி. வேணாம்லா" என்று என் கையைப் பிடித்தாள். அவள் புருஷனும் அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். யாரும் சொல்லாமலே ஏணை போடும் நாள் வந்துவிட்டது. சம்பந்தியம்மாள் சேலையை உதறினார். பிள்ளையை வாங்க ஒரு கையை நீட்டினார். பேத்தி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் குறுக்கே போய் நின்றேன்.

"என்னா பெரியம்மா, எங்க வூட்டுச் சேலை ஒங்களுக்கு ஆகாதா?"

"பாட்டிக்குப் பட்டுச் சேலைதான் வேணுமாம்லா!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

"மொதல்ல அந்தச் சேலையப் பையில போட்டு வெளிய கொண்டு போம்மா. அப்பறம் நின்னு என்னைத் திட்டு" என்றேன். பிள்ளையின் ரத்தத்தைச் சொன்னேன், அந்துருண்டையைச் சொன்னேன், லோரியில் போனவனையும் சொன்னேன். "இது எங்கிட்டேருந்து வந்தது. என் பேத்திய யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொல்லணும்னா என்னைச் சொல்லு. நான் கேட்டுப் பழகுனவ."

சம்பந்தியம்மாள் கையிலிருந்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து உங்கள் வார்த்தைதான் வரும் என்று நான் காத்திருந்தேன்.

அவர் சேலையைப் பைக்குள் திணித்து மகனிடம் கொடுத்து, "காருல வையி" என்றார். சமையலறைக்குப் போய்ச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார். "இப்ப வாடை பட்டிருக்குமே, ஒண்ணும் ஆகாதுல்ல? கண்ணப் பாருங்க பெரியம்மா" என்றார். பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. "ரெண்டு மூணு நாளு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றேன். பிறகு அவர் பேத்தி பக்கம் திரும்பினார். "ஏண்டி, இத்தன நாளா தனியாவா பயந்துக்கிட்டுக் கெடந்த?"

பேத்தி அழுதுவிட்டாள். அலமாரிக்குள் போகாத, கொடியிலிருந்து எடுத்த சாரோங்கில் பிள்ளையைப் போட்டார்கள்.

அத்தை, நீங்கள் சொன்னது சரி, ரத்தம் என்னுடையது. நான் சொன்னதும் சரி, வாடை உங்களுடையது. இரண்டும் சேர்ந்த இடத்தில் என் மூத்தவன் கிடந்தான். அந்துருண்டை பிள்ளையை என்ன செய்யும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் விட்டுவிடுகிறேன். குழாயடியை விடமாட்டேன். லோரியிலிருந்து வெறும் மடியோடு இறங்கியவளிடம் சம்பந்தியம்மாள் கேட்ட மாதிரி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உங்கள் சாவில் நான் அழுதிருப்பேன்.

நல்லது ஒன்று, கெட்டது ஒன்று, இரண்டும் என் உடம்பில் இன்னும் இருக்கின்றன. அவனுக்கு எதைக் கொடுத்து அனுப்பினேன் என்று இப்போது தெரிந்துவிட்டது. மடியில் அந்தக் கனம் மட்டும் அப்படியே இருக்கிறது.