இருபத்து மூன்றாவது கேள்வி

கருத்தரங்க மலர் இன்று தபாலில் வந்தது. பளபளப்பான தாள், பிரித்ததும் பசை நாற்றம். நடுவில் உன் ஆய்வு. முதலில் உன் வழிகாட்டியின் பெயர், அடுத்ததாகக் கறுப்புக் கட்டத்துக்குள், ‘காலஞ்சென்ற’ என்று சேர்த்து, உன் பெயர். உயர்கல்வி சர்வதேசமயமாவது குறித்துப் பேராசிரியர்களின் பார்வை என்பது தலைப்பு.

பார்வையாம். அதை நேரில் பார்த்தவர்கள் நீயும் நானும்தான். நீ கல்வியியல் ஆராய்ச்சி மாணவன், நான் கணினி மையத்தில் ஒப்பந்த ஊழியன், இருவருக்கும் நகரிப் பக்கம் ஊர். திருப்பதி வெயிலில் படிவக் கட்டோடு அலைந்தோம். வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும் துறைகளுக்கு மட்டுமே போனோம். பாதிப் பேர் படிவத்தைப் படிக்காமலே தங்கள் மாணவர்களிடம் தள்ளிவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தால் தரவரிசை ஏறும் என்று எல்லாரும் ஒரே பாட்டு. ஒருவர், தன் மருமகன் டல்லாஸிலிருந்து ஜூமில் பேசியதால் தன் கருத்தரங்கு சர்வதேசக் கருத்தரங்காகிவிட்டது என்றார். சிரிக்காமல் சொன்னார்.

இருபத்து மூன்றாவது கேள்வியை நீதான் சேர்த்தாய்: உங்கள் வகுப்பிலுள்ள வெளிநாட்டு மாணவர் ஒருவரின் பெயரை எழுதுங்கள்.

பேராசிரியர்கள் தாங்களே நிரப்பித் தந்த படிவங்களில் அந்த இடம் காலி. ஒருவர் மட்டும் ‘ஆப்பிரிக்கா பையன்’ என்று எழுதியிருந்தார்.

“இன்னாடா இது?” என்றேன்.

“ரெண்டு வருசமா மொத பெஞ்சுல குந்திக்கினு கீறான், பேரு தெரியல. இவுங்க உலகத்தயே இங்க இட்டாரப் போறாங்களாம்,” என்றாய். “எஞ்சினியரே, மத்தத வுட்டாலும் இத்த வுடாத. இதான் என் ஆராய்ச்சி.”

காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம், வழிகாட்டி என்னைக் கூப்பிட்டார். விடைகளை நான் கணினியில் ஏற்றி வைத்திருந்த கோப்பைத் திறக்கச் சொன்னார். இருபத்து மூன்றாவது கேள்வியைக் காட்டி, “அதி தீசேய் பாபு,” என்றார் தெலுங்கில், சட்னியில் கிடந்த முடியை எடுக்கச் சொல்வது போல. துறைத் தலைவர்கள் மனம் நோகுமாம். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். “சரி சார்” என்றேன். அந்தக் கேள்வியையும் அதன் விடைகளையும் அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது அச்சில் இருக்கிறது: பேராசிரியர்கள் பன்னாட்டு மாணவர்களுடன் நெருங்கிப் பழகுகிறார்கள். படித்ததும் வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு. ஆனால் அந்த வாக்கியத்துக்கு இடம் காலி செய்து கொடுத்தவன் நான்.

கை வைக்காத மூலக் கோப்பு என்னிடம் இருந்தது. மதியம் அதை மலரின் பதிப்பாசிரியர்களுக்கு அனுப்பினேன், வழிகாட்டிக்கும் ஒரு பிரதி. வேலை போனால் போகட்டும். அவர்கள் திருத்தி வெளியிட்டாலும் எனக்கு நிம்மதி இல்லை. உன்னிடம் சொன்ன ஒரு சொல்லை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அதை அழித்த பிறகு உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். “இருக்குதா அது?” என்று கேட்டாய். எது என்று நான் கேட்கவில்லை.

“கீதுடா,” என்றேன்.

“அப்ப போதும்,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.